திருத்திய முகம்

அவர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வாங்கி, அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருடமாக அதே வேலை, அதே அறை. ஒரு மருத்துவமனையின் பின்பக்கம், லிப்ட் மோட்டாரின் இரைச்சலுக்குக் கீழே இருந்தது அது. மேசை முழுக்க வெள்ளைத் தூள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகும் புருவத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். யாருடைய பல்லைச் செய்கிறார் என்று அவருக்குத் தெரியாது. கூட வரும் சீட்டில் பெயர், வயது, பல்லின் நிறத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான். அவர் செய்த பல்லோடு சிரிக்கிற ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

படம் வரையும் கிறுக்கு நாற்பத்தெட்டு வயதில் பிடித்தது. மகள் வேலைக்குப் போன இடத்தில் புதிது கொடுத்தார்கள் என்று பழைய டேப்லெட்டையும் அதன் பேனாவையும் வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா தட்டிப் பார்த்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அன்று வரைந்தது ஒரு தாடை எலும்பு. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "லீவு நாள்லயும் இதேதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு குரூப்பில் சேர்ந்தார். 'கைக்கு வந்தபடி' என்று அதற்குப் பெயர். ஒரு கணக்கு டீச்சர் ஆரம்பித்தது. நாற்பது பேர் இருந்தார்கள், எல்லாரும் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் வரைகிறவர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. வரைவதைவிடப் புலம்புவதுதான் அங்கே அதிகம்.

"மூணு மணி நேரம் முடி வரைஞ்சேன். பாத்தா தப்பான லேயர்ல வரைஞ்சிருக்கேன். இனிமே நான் மொட்டை ஆளுங்களத்தான் வரையப்போறேன்."

"சேவ் பண்ண மறந்துட்டேன். சார்ஜ் போச்சு. படமும் போச்சு. நான் மட்டும் இருக்கேன்."

பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். டிப்போவில் வண்டி நிற்கும் நேரத்தில் போனில் விரலாலேயே வரைவார். "நான் வரையுற கை எல்லாம் வாழைப்பழச் சீப்பு மாதிரி வருது" என்று அவர் அழுதால், உடனே டீச்சர், "சீப்பா இருந்தா என்ன? போன வாரம் ஆறு விரல், இந்த வாரம் அஞ்சு. முன்னேற்றம்தானே?" என்பார்.

எந்தப் படம் போட்டாலும் எல்லாரும் அருமை, சூப்பர் என்று கைதட்டுவார்கள். பல்செட்காரர் மட்டும் கைதட்ட மாட்டார். படத்தை எடுத்து அதன்மேல் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். காது மேலே ஏறியிருக்கிறது, தோள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, கழுத்து எங்கே? கேட்கிற யாருக்கும் மறுக்காமல் செய்தார். அவருடைய சிவப்புக் கோடு வந்தால்தான் படம் முடிந்தது என்ற பேச்சே வந்துவிட்டது. "வீட்டுக் குழாய் ஒரு மாசமா சொட்டுது, அதத் திருத்த ஆளில்ல. ஊர்ல உள்ளவங்க மூக்க எல்லாம் உக்காந்து திருத்துறார்" என்று மனைவி மகளிடம் போனில் சொல்லிச் சிரிப்பார்.

குரூப்பில் லேயர் அக்கா என்று ஒருவர். டேப்லெட்டில் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் மாதிரித் தனித்தனி லேயர்களில் வரைய வேண்டும்; தப்பான லேயரில் வரைவதையே வழக்கமாக வைத்திருந்ததால் அந்தப் பெயர். வாளி, ஜன்னல் கம்பி, மருந்து பாட்டில், நாற்காலிமேல் கிடக்கும் துண்டு என்று வீட்டுக்குள் இருக்கிற பொருள்களையே வரைவார். "இன்னிக்கும் வாளிதான். எங்க வீட்ல அசையாம உக்காந்து குடுக்கிற ஒரே ஆள்" என்று அவர் எழுதினால் நாற்பது பேரும் சிரிப்பார்கள். ஒரு தடவை, எனக்கு வராது, விட்டுவிடுகிறேன் என்று அவர் எழுதியபோது பல்செட்காரர்தான் நீளமாகப் பதில் போட்டார். வாளியின் பிடி வளைகிற இடத்தில் வெளிச்சத்தை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள் தெரியுமா, அது எனக்கே வராது என்று எழுதிவிட்டுக் கடைசியில், "எத்தனை நாளைக்கு வாளி? ஒரு முகம் போடுங்க. தைரியமா போடுங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

எட்டு மாதம் கழித்து அந்த முகம் வந்தது.

தலையணையில் சாய்ந்திருக்கும் ஓர் ஆண். அறுபது வயதிருக்கும். கீழே லேயர் அக்கா எழுதியிருந்தார்: "இதுக்கு ஆறு மாசம் ஆச்சு. மறைக்காம சொல்லுங்க சார்."

அது சனிக்கிழமை மாலை. பல்செட்காரர் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றியும் முடியும் நன்றாகவே இருந்தன. ஆனால் இடது இமை கீழே இறங்கியிருந்தது. வாயின் இடது ஓரம் சரிந்து தொங்கியது. கன்னம் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தது. முகத்தின் நடுக்கோடே மூக்குக்குக் கீழே விலகிப் போயிருந்தது. நடுக்கோட்டைப் பிடிப்பதுதான் அவருடைய தொழில்.

முதல் முகமாயிற்றே, சிவப்புக் கோடு போட்டு அனுப்பினால் மனம் விட்டுப்போகும் என்று நினைத்தார். ஞாயிறு காலை முழுக்க உட்கார்ந்து, அந்தப் படத்தின் மேலேயே வண்ணம் பூசித் திருத்தினார். இமையைத் தூக்கினார். கன்னத்தை நிறுத்தினார். வாயை நேராக்கி, இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னச் சிரிப்பு வைத்தார். நான்கு மணி நேரம். அவ்வளவு நன்றாக அவர் அதுவரை எதையும் வரைந்ததில்லை. குரூப்பில் போட்டுவிட்டு, "சின்னச் சின்னத் தப்புதான் அக்கா. முகத்தோட ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவருதான்னு மட்டும் பாருங்க. அடுத்த தடவ வந்துடும்" என்று எழுதினார்.

அருமை, பிரமாதம் என்று வந்துகொண்டே இருந்தது. கண்டக்டர், "சார் கை பட்டதும் ஆளுக்கு உயிர் வந்துடுச்சு" என்று போட்டார். லேயர் அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா இது என் வீட்டுக்காரர் இல்ல. மூணு வருஷமா பக்கவாதம். வாய் அப்படித்தான் இருந்துச்சு. போன மாசம் போயிட்டார்."

யாரும் பதில் எழுதுவதற்குள் லேயர் அக்கா, தான் போட்ட படத்தை எல்லாரிடமிருந்தும் அழித்துவிட்டுக் குரூப்பை விட்டுப் போய்விட்டார்.

பல்செட்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, முகமே சரியில்ல?" என்றார். அவர் போனை எடுத்து நீட்டினார். மனைவி படித்தார், மேலே தள்ளி அவர் திருத்திய படத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாதுதான். யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

மனைவி மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார்.

மன்னிப்புக் கேட்டு அவர் அனுப்பியது போய்ச் சேரவே இல்லை. குரூப்பில் ஒரு வாரம் யாரும் படம் போடவில்லை. கண்டக்டர் தான் எழுதியதை அழித்தார், ஆனால் எல்லாரும் அதைப் படித்திருந்தார்கள். டீச்சர் இரண்டு தடவை போன் செய்து பார்த்தார், லேயர் அக்கா எடுக்கவில்லை. வேலையிடத்தில் பல்செட்காரர் ஒரே வாரத்தில் மூன்று செட்டைக் கோணலாக வைத்துவிட்டுத் திருப்பிச் செய்தார். இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், கையெல்லாம் மெழுகாக இருந்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், நான்தான். வாளி வரையுறவ."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா... நான் பண்ணது..."

"அதுக்குக் கூப்பிடல சார். டீச்சர்தான் உங்க நம்பர் குடுத்தாங்க. என் பழைய படம், நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி இருந்தது, உங்ககிட்ட இருக்கா?"

"உங்ககிட்ட இல்லையா?"

"அன்னிக்கே அழிச்சுட்டேன். உங்க மேல கோபம் இல்ல சார், என் மேலதான். வரையத் தெரியாம வரைஞ்சு ஊருக்குக் காட்டிட்டேனேன்னு. அப்ப புத்தி அப்படிப் போச்சு."

லேயர் அக்காவே தொடர்ந்து பேசினார். பேசப் பேசத்தான் பல்செட்காரருக்கு முழுக் கதையும் தெரிந்தது. அந்த அம்மா ஒரு லாட்ஜின் வரவேற்பில் பதினெட்டு வருடம் இருந்தவர். கணவர் விழுந்ததும் வேலையை விட்டார். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபடி வரையக் கற்றுக்கொண்டார். கணவர் அந்த முகத்தை யாரும் போட்டோ எடுக்க விடவில்லை. போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். தூங்கும்போது மட்டும்தான் வரைய முடிந்தது.

"நீங்க போட்டத என் பையன் என் போன்ல பாத்தான் சார். 'அப்பா பழையபடி வந்துட்டார்மா'ன்னு அழுதான். பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டிட்டான். வர்றவங்க எல்லாம் தத்ரூபமா இருக்குன்றாங்க. அவன் வெளியூர்ல இருந்தவன், அப்பாவ அந்த வாயோட ரெண்டு தடவதான் பாத்திருக்கான். அவனுக்கு அது சரி. அதக் கழட்டுன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

"சொல்ல முடியாதும்மா."

"மூணு வருஷம் அந்த வாயோரத்தத் தொடச்சவ நான். சிரிச்சா ஒரு பக்கம்தான் மேல போகும். அந்தப் பாதிச் சிரிப்பு எனக்கு மட்டும்தான் தெரியும், அது சிரிப்புன்னு. இப்ப தினமும் அந்தப் படத்தப் பாத்துப் பாத்து அது எனக்கு மறந்துபோகுது சார். அதான் கேட்டேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றார் பல்செட்காரர். அன்று அனுமதி கேட்டுக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்து டேப்லெட்டைத் திறந்தார். திருத்தம் மேல் லேயர், பழைய படம் கீழ் லேயர். பிரித்து வைத்திருந்தால் ஒரே தட்டலில் கிடைத்திருக்கும். ஆனால் டேப்லெட்டில் எப்போதும் இடப் பற்றாக்குறை. முடிந்த படத்தின் லேயர்களை எல்லாம் ஒன்றாக்கி மிச்சத்தை அழித்துவிடுவது அவர் பழக்கம். இதையும் ஒன்றாக்கியிருந்தார். நேரான வாய்க்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை.

டீச்சர் குரூப்பில் கேட்டார். அத்தனை பேரும் போனைக் குடைந்தார்கள். பழைய படத்தை ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. திருத்திய படத்தை மட்டும் பதினோரு பேர் சேமித்து வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். தான் என்னென்ன மாற்றினோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. இமையை எவ்வளவு தூக்கினோம், வாயோரத்தை எங்கிருந்து எங்கே கொண்டுபோனோம் எல்லாம். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கீழே இறக்கினார். மத்தியான இடைவேளைகளில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, ராத்திரியில் வீட்டிலும், மூன்று வாரம். ஒரு ராத்திரி மனைவி பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "பாவம், அந்த அம்மா" என்றார். சிறிது கழித்து, "நீங்களும்தான்" என்றார்.

அனுப்பினார். மறுநாள் அழைப்பு வந்தது.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க சார். அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா நீங்க வரைஞ்சது ஒரு நோயாளி. அவருக்கு நோய் இருந்துச்சு, அவ்வளவுதான்."

"இன்னொரு தடவ பாக்கட்டுமா?"

"வேண்டாம் சார். நீங்க அவரப் பாத்ததில்ல. நானே போடுறேன்."

"போடுங்கம்மா."

"போட்டுப் பாத்தேன். பேனாவ எடுத்தா நீங்க போட்ட வாய்தான் வருது."

சொன்னபோது அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் பல்செட்காரரை உட்கார வைத்தது. போனை வைத்த பிறகு லிப்ட் மோட்டார் பல தடவை ஓடி நின்றது. கடைசியில் முன்பக்கத்து நர்ஸ் வந்து, டாக்டர் செட் கேட்கிறார் என்று சொன்னதும் எழுந்தார்.

லேயர் அக்கா குரூப்புக்குத் திரும்பி வந்தார். யாரும் பழையதைப் பேசவில்லை. கண்டக்டர் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டதாகவும், "விடுப்பா, உன் கைய மொதல்ல சரியா போடு" என்று அவர் சொன்னதாகவும் பிற்பாடு தெரிந்தது. வாளி வந்தது, ஜன்னல் வந்தது. சிவப்புக் கோடு நின்றுபோனது. யார் படம் போட்டாலும் பல்செட்காரர், "இது யாரு? தெரிஞ்சவங்களா?" என்று முதலில் கேட்பார். தெரிந்தவர் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். இப்போது நம் தப்பைச் சொல்ல ஆளில்லை என்று குரூப்பில் ஒரு புதுப் புலம்பல் கிளம்பியது. டீச்சர் வற்புறுத்தியும் அவர் பேனாவைத் தொடவில்லை. மகள் லீவில் வந்தபோது டேப்லெட்டை அவளிடமே கொடுத்துவிட்டார்.

லேயர் அக்கா அந்த முகத்தை இன்னும் விடவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பல்செட்காரருக்கு மட்டும் ஒரு வரி வரும். "இன்னிக்கு நெத்தி வந்துடுச்சு." "இமை கிடைச்சுது சார், அதே இமை." அவர், "நல்லதும்மா" என்று எழுதுவார்.

போன வாரம் படமே அனுப்பினார். தலையணை, முடி, இறங்கிய இமை, தளர்ந்த கன்னம். மூக்குக்குக் கீழே வெறும் தோல் நிறம் மட்டும்.

"இத இப்படியே விட்டுடவா சார்?"

அவர் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பதில் எழுதி அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியலம்மா. நீங்கதான் சொல்லணும்."