ஸ்பீக்கரை அணைத்த வெள்ளிக்கிழமை

எங்கள் தெருப் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் வராத சேதி கிடையாது. ஆடு காணாமல் போனால் வரும், தண்ணீர் லாரி வந்தால் வரும், யாராவது இறந்தால் மௌத்துச் சேதியும் வரும். செங்கல்பட்டில் எங்கள் தெருப் பெண்கள் பள்ளிவாசலுக்குப் போகும் வழக்கம் அப்போது இல்லை. வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்மாவுக்குப் போய்விட, பெண்கள் வீட்டில் வெங்காயம் உரித்தபடியே, தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தின் பயானை, அந்தப் பிரசங்கத்தை, ஸ்பீக்கரில் கேட்பார்கள்.

எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். சுகாதாரத் துறைக்காரர்கள் ஜமாத்தோடு பேசி, ஒரு ஜும்மா முடிந்ததும் மார்புக் கட்டி பற்றி டாக்டரம்மா ஒருவரைப் பேசவைக்க ஏற்பாடு செய்தார்கள். ஹஜ்ரத்தே அதை ஸ்பீக்கரில் அறிவித்தார். அன்றிலிருந்து சின்னம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் தங்கை அவள். புருஷன் மௌத்தான பிறகு எங்களோடு இருந்தாள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அக்காள் புருஷனான என் அத்தாவிடம் சொல்ல வெட்கம், ஆண் டாக்டரிடம் காட்ட அதைவிட வெட்கம். ஒரு பெண் வாயால் விவரம் கேட்டுவிட்டால் போதும் என்று அந்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். இதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகு தெரிந்தது. அன்று எனக்கு இருந்த ஒரே கவலை, பிரியாணியின் தம்மை எப்போது உடைப்பார்கள் என்பதுதான்.

தொழுகை முடிந்தது. டாக்டரம்மா இப்போது பேசுவார் என்று ஹஜ்ரத்தின் குரல் வந்தது. உடனே 'டக்'கென்று ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

"கரண்டு போச்சா?" என்று பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

"ஃபேன் சுத்திகினுதானே கீது," என்றாள் சின்னம்மா. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வெளி ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள். பெண்களின் உடம்பைப் பற்றிய பேச்சு தெருவில் கேட்கக் கூடாதாம். பெண்களுக்கு வரும் நோயை ஆண்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், கேட்க வேண்டியவர்கள் வீட்டில் வெங்காயம் உரிக்கிறார்கள். என்ன புத்தியோ! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்னம்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அம்மா தடுத்துப் பார்த்தாள். நடக்குமா? நேராகப் பள்ளிவாசல் கேட்டில் போய் நின்றோம். நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி பதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா இது, பொம்பள இங்க வந்து நிக்கிற? வூட்டுக்குப் போ. உன் மச்சான் வந்து எல்லாம் சொல்வாரு."

"அவுரு இன்னா சொல்வாரு? சுத்தமா இருங்கன்னு சொல்லிட்டுச் சோறு துன்னுவாரு. ஸ்பீக்கரப் போடுங்க மாமு."

"எதிர்ல டீக்கடை கீது. மானம் போய்டும்."

"டீக்கடக்காரருக்கும் பொண்டாட்டி கீறாங்க, அவுரும் கேக்கட்டும். ஆடு காணலன்னா ஊருக்கே கத்துறீங்க. எங்க பேரு மட்டும் நாங்க செத்தாதான் அதுல வரணுமா?"

திரும்பிப் பார்த்தால், எங்கள் பின்னால் பாதித் தெரு நிற்கிறது, அம்மா உட்பட. ஹஜ்ரத் வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "போடுப்பா," என்று பாங்கு சொல்லும் மோதினாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஸ்பீக்கர் கரகரத்தது. எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும், எப்படி இருந்தால் பயப்பட வேண்டும், எல்லாம் தெருவுக்கே கேட்டது. டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிட்டார்கள்.

கடைசியில் டாக்டரம்மா, சந்தேகம் உள்ளவர்கள் பக்கத்து மதரசா அறைக்கு இப்போதே வரலாம் என்றார். ஒருத்தியும் அசையவில்லை. ஆண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டுகிறவளுக்குத்தான் கட்டி என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவ்வளவு சத்தம் போட்ட சின்னம்மா இப்போது சிலையாக நின்றாள்.

அம்மாதான் முதலில் போனாள். அடுத்து பக்கத்து வீட்டு மாமி. "தள்ளுங்கடி, நானும் காட்டணும்," என்று முத்தவல்லியின் மனைவியே முண்டிக்கொண்டு வர, அவர் வேறு பக்கம் பார்த்தார். அதற்குள் வரிசை கேட் வரை வந்துவிட்டது. நடுவில் எங்கேயோ சின்னம்மாவும் நுழைந்துகொண்டாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்து, இன்றும் என்னோடு சண்டை போடும் தெம்போடு இருக்கிறாள்.

அன்று அம்மா வெளியே வந்ததும், "உனக்கும் கட்டியாம்மா?" என்று சத்தமாகக் கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே! அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். தெருவில் எல்லாப் பொம்பளைகளுக்கும் கட்டி, எல்லாரும் மௌத்தாகிவிடுவார்கள் என்று அத்தாவின் மடியில் விழுந்தேன்.

"யாருக்குக் கட்டின்னு சொன்னாங்க?" என்று கேட்டார் அத்தா.

"எல்லாருந்தான் உள்ள போனாங்க."

யாருக்குக் கட்டி என்று அத்தாவால் மட்டுமல்ல, தெருவில் வேறு யாராலும் அன்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காகத்தான் அவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள் என்று தெரியாமல், ஒருத்திக்கு மட்டும் கட்டி இருந்த ஒரு தெருவுக்காக நான் அன்று சாயங்காலம் வரை அழுதேன்.