ஓரத்தில் எழுதிய பதில்கள்

கொளஞ்சிக்கு முப்பத்தெட்டு வயது முடியும்வரை, ஆராய்ச்சி என்றால் எலியை வைத்துச் செய்கிற காரியம் என்றுதான் எண்ணம். 2007ஆம் வருஷம் ஆடி மாதத்தில் புதுச்சேரியிலிருந்து டாக்டர் இளமதி விருத்தாசலத்துக்கு வந்து இறங்கிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

பீங்கான் பேட்டையில் ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த, மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற பியூஸ் கேரியர்களை மடியில் கொட்டிக்கொண்டு, சின்னக் கத்தியாலும் ஈரத்துணியாலும் பிசிறு எடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. அதனால் வாய் ஓயாமல் பேசும். பேட்டையைச் சுற்றியிருந்த பத்துத் தெருவிலும் யாருக்கு என்ன உடம்புக்கு, யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

டாக்டர் இளமதி தேடியதும் அப்படி ஒரு ஆளைத்தான். பேட்டைத் தொழிலாளர்களுக்கு ஒரு அறக்கட்டளை ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்துவந்தது. முதல் மாதம் எல்லாரும் வந்தார்கள். மூன்றாவது மாதம் பாதிப் பேரைக் காணவில்லை. சும்மா கொடுக்கிற மாத்திரையை ஏன் வாங்க வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்காகவே இந்த ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க உள்ளூர் ஆள் வேண்டும்.

வேலைக்கு எடுக்குமுன் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் பதில் சொல்ல மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

“அவங்க வூட்டுல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிப்பேங்க. தண்ணி குடுத்துட்டு யாரும் பேசாம இருக்க மாட்டாங்க” என்றாள் கொளஞ்சி. மறுநாளே அவள் தோளில் ஒரு துணிப்பை ஏறியது. உள்ளே நான்கு பக்கக் கேள்வித்தாள்கள், ஒரு கட்டு.

முதல் வாரத்தில் முப்பது வீடு முடித்தாள். தினமும் மாத்திரை போடுகிறீர்களா என்ற கேள்விக்கு முப்பது பேரும் ஆமாம் என்றார்கள். கொளஞ்சிக்கு உறுத்தியது. மருந்து கொடுக்கிற பதிவேட்டில் இவர்களில் பாதிப் பேருடைய பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள். தன் மனசு நோகக் கூடாதென்று எல்லாரும் நல்ல பதிலாகச் சொல்லி அனுப்புகிறார்கள் என்று புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து கேள்வியைக் கேட்டு முடித்ததும், மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று சேர்த்துக்கொண்டாள்.

சூளையில் வேலை செய்யும் மாணிக்கவேல், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தார். பத்தில் இரண்டு மாத்திரை மிச்சம். வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

“தலை சுத்துற அன்னிக்கி மட்டும் போடலாம்னு வச்சிருக்கேன்மா” என்றார்.

“தீந்துபோனா போயி வாங்கிக்க வேண்டியதுதானண்ணே?”

“மொத மாசம் ஒரு நாள் கூலிய உட்டுட்டுப் போனேன். மாசாமாசம் எங்க போறது? மருந்து குடுக்குறது செவ்வாக்கெழம காலையில. பதினோரு மணிக்குச் சன்னல சாத்திடுறாங்க. செவ்வாக்கெழமதான் எங்களுக்குச் சூளை பிரிச்சி வெந்த சாமான எடுக்குற நாளு. ஆறு மணிக்கு உள்ள போனா ஒரு மணிக்குத்தான் வெளிய வருவேன்.”

கொளஞ்சி கேள்வித்தாளைப் பார்த்தாள். மருந்து வாங்க வராததற்குக் காரணம் என்ற இடத்தில் நான்கு பதில்கள் அச்சாகியிருந்தன. மறதி, நோயைப் பற்றித் தெரியாமை, பக்கவிளைவு, நாட்டு மருந்து. சூளை அதில் இல்லை. எதிலும் டிக் போட மனம் வராமல், தாளின் ஓரத்தில் ‘சூளை பிரிக்கிற கிழமை’ என்று எழுதினாள்.

பக்கத்துத் தெருவில் ஆண்டாளுக்கு வேறு கதை. மருந்து வாங்கப் பட்டறை முதலாளி கையெழுத்துப் போட்ட அடையாள அட்டை வேண்டும். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிற பெண்கள் எந்தப் பட்டறையின் பேரேட்டிலும் கிடையாது. ஆகவே அட்டையும் கிடையாது. முதல் மாதம் அட்டை கேட்காமல் கொடுத்தார்கள், அடுத்த மாதம் கேட்டார்கள், ஆண்டாள் திரும்பிவிட்டாள். அதுவும் ஓரத்தில் ஏறியது. இப்படி இன்னும் நாற்பது வீடு தாண்டியபோது அச்சிட்ட இடங்கள் காலியாகவும் ஓரங்கள் நிரம்பியும் கிடந்தன. தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பிரபாகரன் புதுச்சேரியிலிருந்து போன் போட்டு, ஓரத்தில் எழுதுவதை ஏற்றக் கட்டமே இல்லை, இனி எழுதாதீர்கள் என்று சலித்துக்கொண்டார். இரண்டு நாள் கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தாள்.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் டாக்டர் இளமதியே வந்துவிட்டார். அங்கன்வாடிப் பாயில் உட்கார்ந்து, ஓரங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்துத் தலை நிமிர்ந்தவர், “கொளஞ்சியக்கா, நாங்க தப்பான கேள்விய அச்சடிச்சிட்டு வந்திருக்கோம்” என்றார். கொளஞ்சிக்கு அப்போதுதான் பசி எடுத்தது.

இருவரும் சேர்ந்து புதுத் திட்டம் போட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவிலேயே அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பது, அட்டை கேட்பதில்லை. ஆனால் ஐந்து தெருவுக்குத்தான் முதலில். மற்ற ஐந்தும் ஆறு மாதம் பழையபடி செவ்வாய்க்கிழமைதான் போக வேண்டும்.

கொளஞ்சிக்கு இது பிடிக்கவில்லை. “பாதிப் பேருக்குக் குடுத்துட்டு பாதிப் பேர விட்டா எப்பிடிங்க? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தப் பக்கம் போவேன்?”

ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் சாயங்கால மருந்தகத்தால்தான் குணம் என்று யாரையும் நம்பவைக்க முடியாது, பலன் தெரிந்தால் பத்துத் தெருவுக்கும் வரும் என்று டாக்டர் விளக்கினார். அப்படியானால் இதை ஊரறியச் சொல்ல வேண்டும், சீட்டும் ஊர் நடுவில் குலுக்க வேண்டும் என்று கொளஞ்சி நிபந்தனை போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பியூஸ் கேரியரில் தெருப் பெயர்களை எழுதி வாளியில் போட்டுக் குலுக்கினார்கள். கொளஞ்சியின் தெரு காத்திருக்கும் பக்கத்துக்குப் போனது. கூட்டம் சிரித்த சிரிப்பில், குலுக்கல் நியாயமாகத்தான் நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அதே கூட்டத்தில் மாணிக்கவேல், ஊரையே கேட்கிறாயே, உனக்குக் கொதிப்பு எவ்வளவு இருக்கிறது என்று கொளஞ்சியைக் கேட்டார். அவள் பார்த்ததேயில்லை. எல்லார் முன்னாலும் கையை நீட்டினாள். நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்று நான்கு. வெயில் தலைவலி என்று இரண்டு வருஷமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது அதுதான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவளை அதிகம் வருத்தியது வேறு. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், ஆய்வில் வேலை செய்கிறவர் ஆய்வுக் கணக்கில் சேர மாட்டார் என்று சொல்லிவிட்டார்.

“எனக்கும் கொதிப்பு, நானும் இதே தெரு. என்ன மட்டும் ஏங்க உட்டுட்டீங்க?” என்று ஒரு வாரம் முறையிட்டாள்.

அவள் புருஷன் சாமிதுரை பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். வீட்டில் அவன் தனி ஆய்வே தொடங்கிவிட்டான். தினமும் சாப்பிட்டதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “இன்னிக்கி மாத்திர போட்டியா? ஆமாம், இல்ல, தெரியாது. எதுன்னு சொல்லு” என்பான். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கணக்கு வந்தது. சாயங்கால மருந்தகம் நடந்த தெருக்களில் நூற்று நான்கு பேரில் எழுபத்து மூன்று பேருக்குக் கொதிப்பு அடங்கியிருந்தது. மற்ற தெருக்களில் நூற்று எட்டில் நாற்பத்தொன்று. எண்ணிக்கைக் கூலிப் பெண்களில்தான் வித்தியாசம் எல்லாரையும்விட அதிகம். பிரபாகரனே போன் செய்து அதைச் சொன்னார். இப்போது தன் கம்ப்யூட்டரில் ஓரத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

கடலூரில் அறக்கட்டளைக்காரர்களும் அதிகாரிகளும் கூடிய கூட்டத்தில், டாக்டர் பேசி முடித்ததும் கொளஞ்சியை மேடைக்கு அழைத்தார். ஒரு பெரியவர் எழுந்து, ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லாததுதானே மூல காரணம் என்று கேட்டார்.  கொளஞ்சி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“முழிப்பு நெறைய இருக்குதுங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கே முழிச்சிடுறோம். பதினோரு மணிக்குள்ள வரத்தான் முடியல.”

கேட்டவரே முதலில் சிரித்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கிழமை மருந்து கொடுத்தால் தோது என்று அவளிடமே கேட்டுக் குறிக்க ஆரம்பித்தார்.

சித்திரையில் பத்துத் தெருவுக்கும் வியாழக்கிழமை மருந்தகம் வந்தது. முதல் நாள் வரிசையில் கொளஞ்சி ஏழாவது ஆளாக நின்றாள். நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்தாறு என்று சொன்னார்கள். டாக்டர் அடுத்த ஆய்வைச் சேத்தியாத்தோப்புப் பக்கம், நடவு வேலைக்குப் போகிற கர்ப்பிணிப் பெண்களிடையே தொடங்கினார். கேள்வித்தாள் அச்சுக்குப் போகுமுன் அதைப் பார்த்துத் திருத்தச் சொல்லிக் கொளஞ்சிக்கு அனுப்பினார். அவள் இரண்டு நாள் வைத்திருந்து, பதினொரு கேள்வியை அடித்து, ஆறு கேள்வியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டு, சேத்தியாத்தோப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று சாமிதுரையிடம் விசாரித்தாள்.