நடவுக்கு வந்த சித்தப்பா

கடலூர் பஸ்ஸில் வந்து கிருமாம்பாக்கத்தில் இறங்கி, வரப்பு வழியாகவே எங்கள் ஊருக்கு நடந்து வருவார் ஒரு சிஸ்டர். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, ஊர்ச்சண்டைகளைப் போலீசுக்குப் போகாமல் பேசித் தீர்க்கப் பயிற்சி கொடுத்தார். அடிபட்டவர் முதலில் பேச வேண்டும். முடிக்கும்வரை யாரும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. பயிற்சிக்குப் போன அம்மா அதை எங்களிடம் பழகிப் பார்த்தாள். நானும் தம்பியும் அடித்துக்கொண்டால் உடனே பாய் விரித்துப் பேச உட்காரவைத்துவிடுவாள்.

பயிற்சிக்குப் பின் வந்த முதல் வழக்கே எங்கள் வீட்டு வழக்காகிவிட்டது.

ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சும் காலம். பக்கத்துக் கழனிக்காரியை ஊர் முறையில் அத்தை என்போம். புருஷன் போனபின் தனியாகவே பயிர் வைத்தவள். அவளுடைய தண்ணீர் முறையில் சித்தப்பா மடையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார், ஒரு தடவை அல்ல. அவள் நாற்றங்கால் வெடித்துக் கருகிப்போனது.

கொட்டகையில் அம்மா நடுவராக இருக்க முடியாதென்று சிஸ்டரே உட்கார்ந்தார். அத்தை பேசினாள்.

"நாத்து போனதுக்கு நான் அழுவல சிஸ்டர். கேட்டிருந்தா நானே வுட்டிருப்பேன். பொம்பளதான, இன்னா பண்ணிடப்போறான்னு நெனச்சிட்டாரு பாருங்க, அதான் தாங்கல."

"அப்பிடி இல்லக்கா..." என்று ஆரம்பித்த அம்மா, சிஸ்டர் திரும்பிப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன செஞ்சா உங்க மனசு ஆறும்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"அபராதம்லாம் வேணாம். அவுங்க நாத்துல பாதி குடுக்கட்டும். என் தண்ணி குடிச்ச நாத்துதான? அத அவரே வந்து நட்டுக் குடுக்கட்டும்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நடவு பெண்கள் வேலை. ஆண்கள் நாற்றுக்கட்டு சுமப்பார்கள், குனிந்து நடமாட்டார்கள். சித்தப்பா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பாராமல், "வரேன்" என்றார்.

நடவன்று கழனி முழுக்க வானம் இறங்கிக் கிடந்தது. மேகத்தின்மேல் கால் வைப்பதுபோல் மெல்ல இறங்கினேன். மேகம் கலங்கி, என் கணுக்காலைச் சுற்றி மறுபடி கூடியது. பெண்கள் வரிசையின் கோடியில், வேட்டியை வரிந்து கட்டிய சித்தப்பா. அவர் நட்டவை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. பெண்கள் குலவையிட்டுக் கேலி செய்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்த அத்தை அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"வெரல நல்லா உள்ள அமுத்து, தம்பி."

சண்டைக்குப் பிறகு அவள் அவரைத் தம்பி என்றது அப்போதுதான். இருவரும் ஒரே வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தண்ணீர் பச்சையாகிக்கொண்டே போனது. உச்சிப்பொழுதில் அத்தை எல்லோருக்கும் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தாள். சித்தப்பாவுக்கு அவளே ஊற்றினாள். அவர் தலை நிமிராமல் குடித்தார். அப்படியொரு திருவிழாவை நான் பார்த்ததே இல்லை.

மாலையில் விளக்கேற்றி வீட்டுச் செபம். ஆளுக்கொரு மன்றாட்டு சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, அடுத்த வருஷமும் சித்தப்பா அத்தையோட தண்ணிய திருப்பி வுடணும்."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டிய இடம். ஒரு குரலும் எழவில்லை. கண்ணைத் திறந்தேன். சித்தப்பா தரையைப் பார்த்தபடி முழந்தாளில் இருந்தார். இவ்வளவு நல்ல மன்றாட்டுக்கு ஏன் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.