வெள்ளை முடி இல்லாத நாய்

மதகடிப்பட்டில் நான் மாவு மில் வைத்திருக்கிறேன். விழுப்புரம் சாலையில் வண்டி அடித்துப் போட்ட நாய்களில் பிழைத்தவை எப்படியோ என் மில்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிடும். யாராவது சாக்கில் போட்டுத் தூக்கி வந்து, "யக்கா, நீதான் பாப்பியே" என்று இறக்கிவிட்டு ஓடிவிடுவார்கள். நானும் பார்ப்பேன், திட்டிக்கொண்டே பார்ப்பேன். தேறிய பிறகு, வேண்டும் என்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். பெயர் மட்டும் வைப்பதில்லை. வைத்தால் கொடுக்க மனசு வராது.

நாய் கேட்டு வருகிறவர்களின் இரக்க குணத்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிற ஒருவர் வந்தார். மோட்டார் கொட்டகையில் ஒயர் திருட்டுப் போகிறதாம். அவர் கேட்ட ஒரே கேள்வி, "கடிக்குமா?" என்பதுதான். "சோறு போடலன்னா உன்னத்தான் மொதல்ல கடிக்கும்" என்றேன். அரைக்கக் கொண்டுவந்த மிளகாயையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வில்லியனூரிலிருந்து ஒரு காலேஜ் பெண் வந்தாள். நொண்டுகிற நாய்தான் வேண்டுமாம். நல்ல மனசு என்று நினைத்து உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தால், நொண்டி நாய் வீடியோ என்றால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்கிறாள். டீயைக் குடித்து முடிக்கும் முன்பே அனுப்பிவிட்டேன். இது எங்கே தூங்கும், எதற்குப் பயப்படும் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே!

அந்தக் கறுப்பு நாய் ஒரு மழைக்காலத்தில் வந்தது. பெட்டை. பின்னங்கால் முறிந்திருந்தது. மில் ஓடும்போது மிளகாய் நெடியில் தும்மித் தும்மி முகமெல்லாம் ஈரமாகும், ஆனால் என் காலடியை விட்டு நகராது. லாரி ஹாரன் கேட்டால் மட்டும் மாவு டின்னுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும். உடம்பு முழுக்கக் கறுப்பு, மார்பில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை.

கால் ஊன்றத் தொடங்கியபோது செலியமேட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவரும் என்னைவிடப் பெரியவர்கள். மெதுவான பேச்சு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். "எங்க பொண்ணு மாதிரி வெச்சிக்கிறோம்மா" என்றார் அவர். அந்த அம்மா நாயின் பக்கத்தில் உட்கார்ந்து காது, வயிறு, கால் விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். உண்ணி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். மார்பு வெள்ளையைக் கண்டதும் கணவனை நிமிர்ந்து பார்த்தார். "அது பரவால்ல, வா" என்றார் அவர். இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லையே என்று நான் பூரித்துப்போய்க் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, மில்லுக்கு பெல்ட் வாங்கக் கடலூர் போய்த் திரும்புகிற வழியில், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று செலியமேட்டுக்கு மொபெட்டைத் திருப்பினேன்.

அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. வாசல் தூணில் நாய் கட்டிக் கிடந்தது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் வடைமாலை. வடை வாசனை மூக்கிலேயே இடிக்கிறது, ஆனால் பூஜை முடியாமல் வாய் வைக்கக் கூடாது என்று வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டியது. மார்பில் வெள்ளையைக் காணோம். வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அதைச் சுற்றித் தோல் வெந்து, சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. தலைக்குப் போடுகிற டை!

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாய்க்கட்டை அவிழ்த்துக்கொண்டே கத்தினேன். "இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? இதான் பொண்ணு மாதிரி பாத்துக்கிற லட்சணமா?"

அந்த அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் போடாதம்மா, சாயங்காலம் பொண்ணு பாக்க வராங்க. வர்றதெல்லாம் தட்டிப் போவுது. கறுப்பு நாய வூட்ல வெச்சி அஷ்டமிக்கு அஷ்டமி படைக்கச் சொல்லி ஜோசியரு சொன்னாரு. ஒரு வெள்ள முடி கூட இருக்கக் கூடாதாம். பைரவரு ஏத்துக்க மாட்டாராம். அதான் லேசா பூசினோம்."

"பைரவருக்குக் கண்ணு தெரியாதா? டை போட்டா ஏமாந்துடுவாரா?"

"பொண்ணு பெத்தவளுக்குத்தாம்மா தெரியும்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்த அழுகைக்கு என் மனசு கொஞ்சமும் இறங்கவில்லை. வாயில்லாத ஜீவனின் தோலை வேகவைத்துவிட்டு எனக்கு முன்னால் அழுகை என்ன வேண்டிக்கிடக்கிறது? கணவர் கிட்டே வந்தார். பிறகு சமாதானம் பேசுகிறவர்போலக் கேட்டார். "இது வேணாம்னா உடும்மா. முழுக்கறுப்பா வேற ஒண்ணு இருந்தா குடேன்."

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நான் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. உள்ளேயிருந்து அவர்கள் மகள் பட்டுப்புடவையோடு வந்து, குனிந்து, அந்த முடிச்சைச் சட்டென்று அவிழ்த்தாள். நாய் அவள் கையை நக்கியது. புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது தான்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அவள் குனிந்தபோது பார்த்தேன். காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து முழுக்க மாநிறத்தில் ஏதோ கிரீமைத் திட்டுத்திட்டாக அப்பியிருந்தார்கள். புழுக்கத்தில் வியர்த்து ஒரு ஓரம் கரைந்து, ஜாக்கெட் விளிம்பில் வழிந்திருந்தது. கரைந்த இடத்தில் தோல் வெள்ளையாக இருந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மூடிக்கொள்ளவில்லை.

"ஏய், கழுத்து கலையுது பாரு, உள்ள போடி" என்று அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அதட்டினார்.

அவள் போகவில்லை. வடைமாலையைக் கழற்றி, வடைகளை உருவி நாய்க்கு முன்னால் போட்டாள். அது தின்று முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"அதையாவது கூட்டினு போங்க ஆன்ட்டி."

மொபெட்டில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். பாகூர் ஏரிக்கரையில் நிறுத்தி, அதன் புண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

அந்த நாயை இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை. புண் ஆறிவிட்டது. மார்பில் முடி வெள்ளையாகவே முளைத்திருக்கிறது. இன்றைக்கும் அரிசி அரைக்க வருகிறவர்கள், "கறுப்பு நாய் எதுனா இருக்காக்கா?" என்று கேட்கிறார்கள். மாவுக் கையோடு வாசல் வரைக்கும் போய் விரட்டுகிறேன். விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்திருப்பார்கள். அதற்கு முன்பு அவள் கழுத்தில் மறுபடி பூசியிருப்பார்கள். நான் நாயை மட்டும்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.