மைத்துனர் வண்டியின் வாட்டர் பம்ப்

சைகோனில் ஆட்சி மாறி ஓராண்டு கழித்து, ஊர் திரும்ப எங்களுக்கு விமானத்தில் இடம் கிடைத்தது. மறுநாள் காலை புறப்பாடு. முந்தின நாள் மதியம் பார்த்து என் கார் கொதித்து நீராவி கக்கியது. "அண்ணன் கிளம்பாம நம்மள விட மாட்டாருங்க," என்றாள் மனைவி. எனக்கு எரிச்சலாக வந்தது.

அவள் அண்ணன், ஆட்சி விழுந்த வாரம், தன் காரின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, துறைமுகத்தில் கப்பல் உண்டா என்று பார்த்துவர நடந்து போனவர். திரும்பவே இல்லை. கார் எங்கள் முற்றத்திலேயே நின்றது. வெள்ளிதோறும் மனைவி த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்ததும், காய்ந்த பழங்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். வந்தால் உடனே ஏறி ஓட்டவேண்டுமாம். பேட்டரியை எப்போதோ விற்றுத் தின்றாகிவிட்டதே என்றால் முறைப்பாள்.

என் இஞ்சினைத் திறந்தேன். ஃபேன் பெல்ட் சுழற்ற, பம்புக்குள் இருக்கும் சின்னச் சக்கரம் தண்ணீரை இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்குமாக ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்கும். பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டதென்று அர்த்தம். என் பம்பில் சொட்டவில்லை, ஒழுகியது. புதுப் பம்புக்கு எங்கே போவது? மைத்துனர் காரும் அதே மாடல். அதிலிருந்து கழற்றினேன். ஓராண்டாக ஓடாத இஞ்சின். வடிந்த தண்ணீர் கைக்கு வெதுவெதுவென்று இருந்தது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டேன். அந்த மூலையில் வெயில் விழாது.

பம்பு பொருந்தும் இடத்தில் கசியாமலிருக்க காலண்டர் அட்டையில் கேஸ்கெட் வெட்டி, கிரீஸ் தடவிப் பொருத்தினேன். கால் மணி நேரம் ஓடவிட்டும் கொதிக்கவில்லை. அப்போதும் அவள் பெட்டி கட்டவில்லை. அண்ணன் கிளம்பாமல் தான் கிளம்பப்போவதில்லை என்றாள்.

விடிந்ததும், அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தத் துரோகத்தைச் செய்தேன். மைத்துனர் வண்டியின் முன் சக்கரப் பழங்கள் இரண்டையும், வண்டி ஏறிப் போனதுபோல, செருப்புக் காலால் நசுக்கினேன். பின்பக்கம் போவதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

ஈரத்தலையோடு அவள் வண்டியைச் சுற்றிவந்தாள். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தாள். "அண்ணன் கிளம்பிட்டாருங்க," என்றாள். அழவில்லை. நேராகப் போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

பின் சக்கரங்களைப் பார்த்திருப்பாளே என்ற பயத்தில் நானும் போய்க் குனிந்தேன். அங்கேயும் இரண்டு பழங்களும் தட்டையாக நசுங்கி, சாறு ஈரமாகத் தரையில் பரவியிருந்தது.

விமான நிலையம் போகும்வரை இஞ்சின் சூடேறவே இல்லை. நான் நசுக்கியது இரண்டைத்தான் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.