பாதிக்குப் பாதி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜம்புலிங்கமும் மகள் லோகநாயகியும் பிக்கப் வண்டியின் ரேடியேட்டரைக் கழுவினார்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அது தெரியாததால் அவள் அவரை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாள்.

கீழ்க்குழாயைக் கழற்றியதும் தண்ணீர் துருக்குழம்பாக வந்தது. ஆறு வருஷமாகப் பாரிவாக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையே குடித்த வண்டி. கோயம்பேட்டுக்குக் கீரை ஏற்றிப்போனால் வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் கொதித்துவிடும். பக்கத்து வீட்டுப் பங்காளி தசரதனின் வண்டி கொதிப்பதில்லை. அதே வண்டி, வாங்கியதும் அதே மாதம். ஒருநாள் தசரதன் இல்லாத நேரம் பார்த்து, ஜம்புலிங்கம் அந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தது.

அவர் வாழ்க்கையில் பாதி இப்படிப் பார்த்தே போனது. தசரதன் நாற்பதடி கிணறு வெட்டினால், இவர் பாறையை உடைத்தாவது நாற்பத்தைந்து போவார். தசரதனின் மகள் ராணி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தபோது, அதைவிடப் பெரிய படிப்பு எது என்று ஊரெல்லாம் விசாரித்தார். யாரோ மெக்கானிக்கல் என்றார்கள். லோகநாயகி மெக்கானிக்கல் சேர்ந்தாள். அறுபது பேர் வகுப்பில் இரண்டே பெண்கள். அவள் எவ்வளவு மார்க் எடுத்து வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, ராணி எவ்வளவு என்பதுதான். பங்காளிமேல் அவருக்கு இருந்த பொறாமை ஊருக்கே தெரியும். அந்த வீட்டின்மேல் இவளுக்கு இருந்தது யாருக்கும் தெரியாது. அப்பாவின் கண் எப்போதும் அங்கேதான் இருந்தது.

எஞ்சின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்ட் டப்பா இரண்டை அவள் பாடி கடைத்தெருவில் வாங்கி வந்திருந்தாள். வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்த வகை. நீல நிறம். ஜம்புலிங்கத்தின் முகம் விழுந்துபோயிற்று.

"அவன்து பச்சையால்ல கீது?"

"அது சாயம் நைனா. டப்பா பின்னாடி இன்னா எழுதிகீதுன்னுதான் பாக்கணும்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு டப்பாவின் மூடியைத் திருகினார். "அவன் பாதிக்குப் பாதி தண்ணி கலக்குறான். நம்ப முழுசா ஊத்துவோம்."

அப்படி ஊற்றினால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும் என்றாள். சூட்டைச் சுமப்பது தண்ணீர்தான். கூலண்ட் தனியாக அவ்வளவு சுமக்காது. சரிபாதி போதும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதன் உப்பு உள்ளே படிந்து அடைக்கும், பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர்தான் வேண்டும் என்றாள். அவர் தசரதன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷம் படிச்சிகீறேன். சித்தப்பா இன்னா படிச்சிகீறாரு? என் பேச்சக் கேப்பியா, அந்த ஊட்டயே பாத்துகினு இருப்பியா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மூடியைத் திருப்பி மூடினார்.

"நீயே கலந்து ஊத்து பாப்பா."

சித்திரை முழுக்க வண்டி ஒருநாள்கூடக் கொதிக்கவில்லை. நன்றாயிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வைகாசியில் ஒரு காலை, கோயம்பேட்டில் கீரைக்கட்டு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகும் தசரதன் போகவில்லை. வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, போன மாதம் தன் வண்டி வானகரத்தில் கொதித்து நின்றுபோனதைச் சொன்னார். உள்ளே உப்பு அடைத்திருக்கிறது என்றானாம் மெக்கானிக்.

"அண்ணாத்தே பின்னாடியே வந்துகினு இருந்தாரு. நிறுத்தினாரு. ஆனா தண்ணி குடுக்கல. மொதல்ல என்னை இட்டுனு போயி, அவரு வண்டியில சூட்டு மீட்டரக் காட்டினாரு. 'முள்ளு எங்க நிக்குது பாரு. எம் பொண்ணு கலந்தது'ன்னாரு. அப்பறந்தான் தண்ணி குடுத்தாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ராணியுந்தான் படிச்சா. வண்டி மூடியத் தொறக்கத் தெரியாது. எனக்கு வவுறு எரிஞ்சிச்சிம்மா. 'உனுக்கும் எம் பொண்ணாண்டயே கலந்து வாங்கித் தர்றேன்'னு வேற சொல்லிட்டுப் போனாரு."

தசரதன் போனதும் லோகநாயகி வண்டிக் கதவைத் திறந்தாள். சீட்டுக்குப் பின்னால், மீந்த கூலண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில், கழுவிக் காயவைத்த ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. அதன்மேல் சாக்பீஸால் தசரதன் என்று அப்பா எழுதியிருந்தார். அந்தப் பேரை அவர் கையெழுத்தில் பார்க்க, இப்போதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கைப்பிடியில் ஒரு துண்டுத்தாள் கட்டியிருந்தது: பேட்டரி தண்ணி, பூந்தமல்லி கடை. பாப்பாகிட்ட சொல்லணும்.

கேனைத் தூக்கிப் பார்த்தாள். காலியாக இருந்தது.