விடுபட்ட மின்னல்

அன்று பின்னேரம் இடியும் மழையும் அக்குறணையைப் புரட்டி எடுத்துவிட்டு ஓய்ந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. என் நானா, அதாவது அண்ணன், வயரிங் வேலை செய்பவர். கரண்ட் போனால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்திக்குப் போனார். கருகிக் கிடந்த டிரான்ஸ்போமரை அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "டிரான்ஸ்போமர மின்னல் தாக்கீக்கி. கரண்ட் வர சுணங்கும்." பிறகு வயர் வாங்கக் கண்டிக்கு பஸ் ஏறிவிட்டார்.

அந்த வரி எந்தெந்தக் கைகளுக்குப் போனதோ, யார் கையில் 'மின்னல்' கழன்று விழுந்ததோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு செய்திப் பக்கம் சிவப்பு எழுத்தில் கத்தியது: "மின்மாற்றி மீது தாக்குதல்! பையுடன் நின்ற மர்ம நபர் யார்?" கீழே யாரோ எடுத்த நானாவின் படம். முகத்தைச் சுற்றி வட்டம் வேறு.

மர்ம நபராம்! ஊரில் பாதி வீடுகளுக்கு மெயின் சுவிட்ச் பூட்டிக் கொடுத்த மனிதர். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனுக்கு அது தெரியுமா? தாடியும் தொப்பியும் பையும் போதும். ஒரு வதந்தியால் எங்கள் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். கோல் எடுத்தால் அவருடைய போன் ஓஃப். வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தேன். என் போனிலும் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. "பிடித்து உள்ளே போடுங்கள்" என்று எழுதியிருந்தவன் என்னோடு டியூஷன் படித்தவன்.

பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நானா முழுசாக வந்து சேர்ந்தார். கண்டியில் பிடித்த மழையில் போன் நனைந்துவிட்டதாம். படத்தைக் காட்டினேன். சிரிக்கிறார்! "வயிறு தெரியிற மாதிரி எடுத்தீக்கானுகள்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு அந்தப் பக்கத்தில் 'மின்னல்' என்ற சொல்லைப் பொடி எழுத்தில் சேர்த்தார்கள். படத்தை எடுக்கவில்லை.

மறுநாள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் பாதியில் நின்ற வயரிங் வேலைக்குப் போனார். வீட்டுச் சாவியையே இவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகிறவர்கள் அவர்கள். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சே, நல்ல மனிசர். தேத்தண்ணியும் தந்தாங்க. நான் போர்டத் திறக்கக்குள்ள மட்டும் போனத் தூக்கி வீடியோ எடுத்தாங்க."